கான்டாக்டர் தகராறு: சத்தத்தை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

ரிப்பேருக்கு வரும் ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வருகின்றன: "காயில் போயிடுச்சு, மாத்திக் குடுங்க." திறந்து பார்த்தால் காயில் போயிருப்பது உண்மைதான். ஆனால் காயில் தானாகப் போவது அபூர்வம். வேறு ஏதோ ஒன்று அதை எரித்திருக்கும். அந்த ஒன்றைத் தேடாமல் புதுக் காயிலைப் போட்டால் அதே ஸ்டார்ட்டர் அதே கருகல் வாசனையோடு திரும்பி வரும்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பவர்களுக்கும், படித்து முடித்து ஒருவரிடம் தொழில் பழகுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக வைத்திருப்பது பம்ப்செட்டில் இருக்கும், மோட்டாருக்கு லைன் வோல்ட்டேஜை நேரடியாகக் கொடுக்கும் த்ரீ ஃபேஸ் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். மாவு மில், கம்ப்ரசர், லேத் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் கான்டாக்டர் (காயில் காந்தமாகி இரும்புக் கோரை இழுத்து, மெயின் கான்டாக்ட்டை மூடும் சுவிட்ச்) இதேதான்.

மின்காந்தப் பாடத்தில் இருந்து ஒரே ஒரு விஷயம் போதும். ஏசி காயிலில் எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதைக் கம்பியின் ஓம் மட்டும் முடிவு செய்வதில்லை. கோரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 9 ஆம்பியர் அளவிலான சின்ன கான்டாக்டர் ஒன்று இழுக்கும் கணத்தில் சுமார் 70 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) எடுக்கும். கோர் ஒட்டிய பிறகு 7, 8 விஏ போதும். கரன்ட் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. ஒட்டாமல் நின்றுவிட்டால்? அந்தப் பத்து மடங்கு கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் நூறு மடங்குக்குப் பக்கத்தில் போகும். காயிலைக் காப்பாற்றுவது, கோர் முழுதாக ஒட்டியிருப்பதுதான். கீழே வரும் பாதிக் குறைகளில் நீங்கள் தேடப்போவது, கோரை ஒட்டவிடாமல் தடுத்தது எது என்பதைத்தான்.

## மூடியைக் கழற்றும் முன்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியர் மூன்றையும் உருவி, உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மல்டிமீட்டரால் மூன்று ஃபேசும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேசுக்கு ஃபேஸ், ஃபேசுக்கு எர்த், இரண்டையும் அளக்க வேண்டும்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். காயிலின் இரு முனைகளுக்கு ஏ1, ஏ2 என்று பெயர். 415 வோல்ட் காயிலில் ஏ2 முனை நேராக ஒரு ஃபேசில் இருக்கும். ஸ்டார்ட் பட்டனை அமுக்காத நிலையிலும் அந்த ஃபேஸ் காயில் வழியாகவே ஏ1 வரை வந்து நிற்கும். டெஸ்டரை வைத்தால் இரண்டு முனையிலும் எரியும். "ரெண்டு பக்கமும் கரன்ட் வருது, காயில்தான் வேலை செய்யல" என்று பழகுநர்கள் முடிவு கட்டுவது இங்கேதான். மீட்டரை ஏ1-க்கும் ஏ2-க்கும் குறுக்கே வைத்தால் சைபர் காட்டும். காயிலுக்கு வேண்டியது இரண்டு முனைக்கும் நடுவிலான வோல்ட்டேஜ். அதை டெஸ்டர் காட்டாது.

கரன்ட் இருக்கும்போது அளக்க வேண்டிய இடங்களில், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பம்ப் ரூமில் தரை ஈரமாக இருந்தால் காயும் வரை அந்த வேலையைத் தொடாதீர்கள்.

## ஸ்டார்ட் அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை

முதலில் செலவில்லாதவை. ஓவர்லோடு ரிலே (மோட்டார் கூடுதல் கரன்ட் இழுத்தால் காயிலின் வழியை அறுத்து நிறுத்துவது) ட்ரிப் ஆகி நிற்கிறதா? ரீசெட்டை அமுக்குங்கள். ட்ரிப் ஆகியிருந்தால் காரணமில்லாமல் ஆகியிருக்காது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். கடைசித் தலைப்பையும் படியுங்கள். சிவப்புப் பட்டன் உள்ளேயே சிக்கி நிற்கிறதா? பழைய பெட்டிகளில் தூசியும் துருவும் சேர்ந்து ஸ்டாப் பட்டன் திரும்பி வராமல் நிற்பது சகஜம். தொட்டியில் லெவல் கன்ட்ரோலர், ஸ்டார்ட்டர் பக்கத்தில் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) என்று ஏதாவது இருந்தால் அவற்றின் கான்டாக்டும் இதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும். அவை வேலைக்கு அனுமதி தந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து உள்ளே வரும் மூன்று ஃபேசையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். ஒரு ஜோடி மட்டும் சரியாகக் காட்டி மற்ற இரண்டும் குறைந்தால் ஒரு ஃபேஸ் இல்லை. ஃபியூசுக்கு முன்னால் இருந்து, பின்னால் இல்லையென்றால் ஃபியூஸ். மீட்டர் போர்டுக்கே வரவில்லையென்றால் அது மின்வாரியத்தின் வேலை. கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

மூன்றும் சரியாக இருந்தால் கன்ட்ரோல் வழியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஏ2-வில் நிலையாக வைத்து, இன்னொரு முனையை ஃபேசிலிருந்து ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள்: ஓவர்லோடு ரிலேயின் 95, 96 எண் முனைகள், ஸ்டாப் பட்டனின் இரு முனை, பிறகு ஒருவர் ஸ்டார்ட்டை அமுக்கிப் பிடித்திருக்க அதன் இரு முனை, கடைசியாக ஏ1. வோல்ட்டேஜ் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, அதற்கு முந்தைய இடத்துக்கும் அதற்கும் நடுவில்தான் குறை. சில ஸ்டார்ட்டர்களில் இந்த வரிசை மாறியிருக்கும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ1, ஏ2 நடுவே முழு வோல்ட்டேஜ் வந்தும் சத்தமே இல்லை, காயில் குளிர்ந்து கிடக்கிறது என்றால் காயில் அறுந்துவிட்டது. கரன்ட்டை அணைத்து ஓம் பாருங்கள். சின்ன கான்டாக்டரின் 240 வோல்ட் காயில் சில நூறு ஓம் காட்டும். 415 வோல்ட் காயில் ஆயிரத்தைத் தாண்டும். அறுந்த காயிலில் மீட்டர் அசையாது. காயிலை மாற்றுங்கள், ஆனால் 'காயில் அடிக்கடி எரிகிறது' என்ற தலைப்பைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

## பிடிக்கிறது, கையை எடுத்ததும் விட்டுவிடுகிறது

இது எளிது. ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாக இணைந்து, கையை எடுத்த பிறகு காயிலுக்குக் கரன்ட் கொடுக்கும் 13-14 கான்டாக்ட் வேலை செய்யவில்லை. ஒயர் கழன்றிருக்கலாம், கான்டாக்ட் முனை கறுத்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். கரன்ட் இல்லாத நிலையில் அசையும் கோரைக் கையால் முழுதாக அமுக்கி, கன்டினியூட்டி பாருங்கள். கையால் அமுக்கினால் வருகிறது, காந்தம் இழுக்கும்போது வரவில்லை என்றால் கோர் முழுதாக உள்ளே போகவில்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

பட்டனைக் கயிறு கட்டி அமுக்கி வைப்பது, கான்டாக்டருக்குள் குச்சி சொருகுவது இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். குச்சி சொருகிய ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனாலும் மோட்டார் நிற்காது. போன கரன்ட் திரும்ப வரும்போது, பம்ப் பக்கத்தில் யார் கை வைத்திருந்தாலும் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்.

## பிடித்த பிறகு 'கொர்ர்' என்று உறுமுகிறது

லேசான ரீங்காரம் எல்லா ஏசி கான்டாக்டரிலும் இருக்கும். பெட்டிக்கு வெளியே நாலடி தள்ளி நின்றாலும் கேட்கிறது, பெட்டியே அதிர்கிறது என்றால் கோர் சரியாக ஒட்டவில்லை.

உறுமல் நீடித்தால் காயில் கூடுதல் கரன்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓடட்டும் என்று விடாமல் அணைத்துவிட்டுத் திறங்கள்.

*கோர் முகத்தில் அழுக்கு.* உறுமலுக்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். பம்ப் ரூமில் எறும்பு கூடு கட்டும். பல்லி உள்ளே புகுந்து நசுங்கிச் செத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலம் முடிந்து திறந்தால் கோர் முகத்தில் செம்மண் நிறத்தில் துரு படர்ந்திருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துரு விடவில்லையென்றால் மிக நைசான உப்புத்தாளைத் தட்டையான பரப்பில் வைத்து, கோரை அதன் மேல் லேசாக இழுங்கள். அரம் வேண்டாம். அந்த முகங்கள் தொழிற்சாலையில் துல்லியமாக உராய்த்துச் சமப்படுத்தப்பட்டவை; அரம் போட்டால் மேடு பள்ளமாகி உறுமல் இன்னும் கூடும். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள்.

துடைத்த பிறகு ஒரு சோதனை. மெல்லிய கார்பன் பேப்பரையும் வெள்ளைத் தாளையும் சேர்த்துக் கோர் முகங்களுக்கு நடுவில் வைத்துக் கையால் அமுக்கி எடுங்கள். வெளிக்கால் இரண்டின் அச்சும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கறுத்து, இன்னொரு பக்கம் வெறுமையாக இருந்தால் கோர் சாய்ந்து உட்காருகிறது. கோரைப் பிடிக்கும் கிளிப், அடியில் இருக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங், பெட்டியோடு இறுக்கும் ஸ்க்ரூ இவற்றைச் சரி பாருங்கள். நடுக்கால் பதியாவிட்டால் கவலை வேண்டாம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

*ஷேடிங் ரிங் உடைவு.* கோர் முகத்தின் வெளிக்கால்களில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் செம்பு அல்லது பித்தளை வளையம் பதித்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் கரன்ட் விநாடிக்கு 100 முறை சைபரைத் தொடுகிறது. அந்த ஒவ்வொரு முறையும் காந்தம் கோரை விடப் பார்க்கும். வளையத்தில் தூண்டப்படும் கரன்ட் உண்டாக்கும் காந்தப்புலம் சற்றுத் தாமதமாக வருவதால், அந்த இடைவெளியில் அதுதான் கோரைப் பிடித்து வைக்கிறது. வளையத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் அதில் கரன்ட் ஓடாது. விரிசல் பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும். டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டுப்படும். ஈயம் வைத்து ஒட்டினால் அடிபட்டு மறுபடி விடும். உதிரியாகக் கிடைத்தால் கோரை மாற்றுங்கள்; சின்ன கான்டாக்டராக இருந்தால் முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

இவை எல்லாம் சரி, உறுமல் மட்டும் நிற்கவில்லையா? காயில் முனைகளில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் கீழே படியுங்கள்.

## 'படபட'வென்று அடித்துக்கொள்கிறது

உடனே மெயினை அணையுங்கள். உறுமலுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. ஒவ்வொரு அடியிலும் மெயின் கான்டாக்ட் திறந்து மூடுகிறது. மோட்டார் ஒவ்வொரு முறையும் ஓடும் கரன்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. வெள்ளி முனைகள் தீப்பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

இங்கே ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்.

மோட்டார் இல்லாமலும் அடித்துக்கொண்டால் குறை ஸ்டார்ட்டருக்குள்ளேயே. கரன்ட்டை அணைத்து, கன்ட்ரோல் ஒயர் ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். லெவல் கன்ட்ரோலரின் ரிலே நடுங்கினாலும் இப்படித்தான் அடிக்கும். மிதவைச் சுவிட்ச் தண்ணீர் அலையில் ஆடும்போது இது நடக்கும்.

மோட்டார் இல்லாமல் கச்சிதமாகப் பிடித்து நிற்கிறது, மோட்டார் சேர்த்தால் அடிக்கிறது என்றால் வோல்ட்டேஜ் இறங்குகிறது. கான்டாக்டர் தர விதிப்படி காயில் தன் அளவில் 85 முதல் 110 சதவீதம் வரை ஒழுங்காக இழுக்க வேண்டும். 415 வோல்ட் காயிலுக்கு 85 சதவீதம் என்பது சுமார் 353 வோல்ட். 240 வோல்ட் காயிலுக்கு 204. சும்மா இருக்கும்போது 400 காட்டிய லைன், மோட்டார் கிளம்பும் கணத்தில் 330-க்கு விழுந்தால் காந்தம் முழுதாக ஒட்ட முடியாமல் விட்டுவிடலாம். விட்டதும் சுமை போய் வோல்ட்டேஜ் ஏறும், பட்டனை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தால் மறுபடி இழுக்கும். படபடப்பு அங்கே பிறக்கிறது.

எங்கே இறங்குகிறது என்பதை இரண்டு இடத்தில் அளந்து கண்டுபிடிக்கலாம். மோட்டார் கிளம்பும்போது மீட்டர் போர்டிலும் ஸ்டார்ட்டரிலும் பாருங்கள். மீட்டர் போர்டில் நன்றாக இருந்து ஸ்டார்ட்டரில் விழுந்தால் நடுவில் உள்ள உங்கள் ஒயர்: சைஸ் போதவில்லை, தூரம் அதிகம், அல்லது ஏதோ ஒரு முறுக்கு இணைப்பு தளர்ந்து சூடாகிறது. அலுமினிய ஒயரில் முதலில் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள், கரன்ட்டை அணைத்த பிறகு. சூடு இன்னும் இருக்கும். மீட்டர் போர்டிலேயே விழுந்தால் டிரான்ஸ்பார்மர் பக்கம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஒரே நேரத்தில் எல்லா மோட்டாரும் ஓடும் வேளையில் அளந்து, நேரத்தோடு எழுதி மின்வாரியத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட எண்ணோடு கொடுத்த மனுவுக்கு மதிப்பு அதிகம். பம்ப்செட்டுக்கென்றே குறைந்த வோல்ட்டேஜிலும் பிடிக்கும் காயில்கள் கடைகளில் உண்டு. காந்தம் பிடித்துவிடும், ஆனால் அந்த வோல்ட்டேஜில் மோட்டார் கூடுதல் கரன்ட் இழுத்துச் சூடாகும். அதனால் அந்தக் காயிலைப் போட்டால் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்குச் சரியாக வைத்தே ஆக வேண்டும்.

## காயில் அடிக்கடி எரிகிறது

எரிந்த காயிலைத் தூக்கி எறியும் முன் அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், ஏசியா டிசியா. ஃபேசுக்கு ஃபேஸ் 415 வரும் இடத்தில் 240 காயிலைப் போட்டிருந்தால் அது நிலைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மிஷின்களில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்ட காயில் இருக்கும். நம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் கோருக்குள் காந்தப்பாயம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கோர் திணறி, காயில் எந்நேரமும் கொதிக்கும். 24 வோல்ட் ஏசி காயிலை 24 வோல்ட் டிசியில் கொடுத்தாலும் எரியும். டிசியில் கரன்ட்டைத் தடுக்க வெறும் கம்பியின் ஓம் மட்டுமே இருக்கிறது.

அளவு சரியாக இருந்தால் கோரை ஒட்டவிடாமல் தடுப்பது எது என்று தேடுங்கள். கரன்ட் இல்லாமல் அசையும் கோரைக் கட்டைவிரலால் அமுக்கி விடுங்கள். தடையில்லாமல் போய், ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப வேண்டும். நடுவில் உரசினால் பிளாஸ்டிக் வழித்தடம் சூட்டில் வளைந்திருக்கும், அல்லது முன்பு எரிந்த காயிலின் பிசின் வழிந்து கெட்டியாகியிருக்கும். காயிலை மாற்றும்போது இந்தப் பிசினைச் சுரண்டாமல் விடுவதால்தான் புதுக் காயில் ஒரு வாரத்தில் போகிறது. வழித்தடம் வளைந்திருந்தால் அந்தக் கான்டாக்டரைக் கைவிடுங்கள்.

இடைவெளியும் சரி, வோல்ட்டேஜும் சரி, இன்னும் எரிகிறது என்றால் வோல்ட்டேஜ் எப்போதாவது எகிறுகிறது. 240 வோல்ட் காயில் உள்ள இடங்களில் நியூட்ரல் கழன்றால் இப்படி ஆகும். வீட்டு பல்புகள் சில அதிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிகின்றனவா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் அங்கேயே நிறுத்தி, மெயினை அணைத்து, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

## ஸ்டாப் அமுக்கினால் விடவில்லை

ஸ்டாப்பைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருக்காமல் மெயினை அணையுங்கள். அணைத்ததும் காதைக் கொடுங்கள்.

'டக்' என்று கோர் திரும்பினால் காந்தத்தில் குற்றமில்லை. ஸ்டாப் பட்டன் வழியைத் தாண்டி எங்கோ கரன்ட் போகிறது. பட்டன் பெட்டிக்குள் தண்ணீர், ஒயர் உரசல், தவறான இணைப்பு என்று பாருங்கள்.

சத்தம் வரவில்லையென்றால் கோர் ஒட்டியே நிற்கிறது. ஃபியூஸ்களை உருவிவிட்டு, மெயின் கான்டாக்ட் ஒவ்வொன்றிலும் உள் முனைக்கும் வெளி முனைக்கும் கன்டினியூட்டி பாருங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் மூன்றும் விட்டுவிட்டால் கோர் முகத்தில் பிசுக்கு இருக்கலாம், அல்லது மிச்சக் காந்தம். பெரும்பாலான ஈ வடிவக் கோர்களில் நடுக்காலை வேண்டுமென்றே மயிரிழை அளவுக்குக் குட்டையாக வைத்திருப்பார்கள். கரன்ட் போன பிறகு மிஞ்சும் காந்தத்தை அந்தச் சிறு இடைவெளிதான் பலமிழக்கச் செய்கிறது. வெகுகாலம் அடிபட்டு வெளிக்கால்கள் தேய்ந்தால் நடுக்காலும் தொட்டுவிடும், அப்புறம் விடாது. இரண்டு கோரையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். நடுக்காலை நீங்களே ராவிச் சரி செய்யப் போனால் உறுமல் வந்து சேரும்.

தட்டிய பிறகும் ஒரு ஃபேஸ் மட்டும் திறக்கவில்லையென்றால் கான்டாக்ட் உருகி ஒட்டியிருக்கிறது. நெம்பிப் பிரித்து மறுபடி ஓட்டாதீர்கள். மூன்று ஃபேசின் கான்டாக்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். உருகியதற்குக் காரணம் படபடப்பா, சைஸ் போதாத கான்டாக்டரா, மோட்டார் ஷார்ட்டா என்பதை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்பக் கரன்ட் கொடுக்க வேண்டும்.

## காந்தம் அமைதியாகப் பிடித்திருக்கிறது, மோட்டார் மட்டும் உறுமுகிறது

415 வோல்ட் காயில் இரண்டு ஃபேசுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று போனால் காந்தம் பெரும்பாலும் விட்டுவிடும், மோட்டார் தப்பிக்கும். மூன்றாவது ஃபேஸ் போனால் காந்தத்துக்குத் தெரியாது, பிடித்தபடியே இருக்கும். மோட்டார் இரண்டு ஃபேசில் திணறி, ஓவர்லோடு ரிலே தட்டாவிட்டால் எரியும். அந்த ரிலேயைக் கூடுதல் ஆம்பியருக்குத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்டார்ட்டருக்குள் வரும் பக்கத்தில் மூன்று ஃபேசும் இருந்து, வெளியே போகும் பக்கத்தில் ஒன்று இல்லையென்றால் அந்த ஃபேசின் கான்டாக்ட் கருகியிருக்கிறது, மாற்றலாம். வெளியேயும் மூன்றும் சரியாக இருந்தால் இனி ஸ்டார்ட்டரில் தேட ஒன்றுமில்லை. கேபிள் அறுந்திருக்கலாம், பம்ப் இறுகியிருக்கலாம், மோட்டார் காயில் போயிருக்கலாம். மோட்டார் ஒயரைக் கழற்றி மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஒரு முறைகூட ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்காமல், காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.